சிறகுப் பக்கம்: கொக்கின் கால்விரல் என்ன நிறம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, ‘சின்னதாக, பழுப்பாக, அழகாக இருந்தது, இது என்ன பறவை?’ என்று கேட்கின்றன. அதை வைத்துக்கொண்டு யாராலும் பெயர் சொல்ல முடியாது. அலகின் நீளமும் நிறமும், கால் நிறம், வால், எங்கே உட்கார்ந்திருந்தது, என்ன தின்றது, எத்தனை மணி என்று நான்கு வரி எழுதினால் போதும். அப்படி எழுதியவர்களின் கேள்விகளையே முதலில் எடுத்துக்கொண்டோம். பெயர் தெரியாவிட்டாலும் பார்த்ததை முழுதாக எழுதியவர்களுக்கு நன்றி.

கே: புரட்டாசி கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, மாடிப்படியில் ஒரு பறவை விழுந்து கிடந்தது. மைனாவைவிடச் சற்றுச் சிறியது, வாலே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குக் குட்டை வால். பச்சை முதுகு, வெளிர் மஞ்சள் மார்பு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம். மாலைக்குள் இறந்துவிட்டது. என்ன தவறு செய்தோம்? — சு. ரா., மேற்கு தாம்பரம்

ப: நீங்கள் எழுதியிருப்பது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று பொழுது மாறும் நேரத்தில் இருகுரலாக விசிலடிப்பதால் இந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில். நகரத்து விளக்கு வெளிச்சத்தில் திசை குழம்பி, கண்ணாடியிலும் சுவரிலும் மோதி விழுகிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இது அடிக்கடி நடக்கிறது.

மோதிய வேகத்தில் உள்ளே இரத்தம் கசிந்திருந்தால் நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் அது பிழைத்திருக்காது. ஆனால் தண்ணீர் புகட்டியது தவறுதான். பறவையின் மூச்சுக்குழல் வாய், நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்தபடி இருக்கிறது. மயங்கிய பறவையின் அலகைப் பிரித்துச் சொட்டு விட்டால் அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பென்சில் நுழையும் அளவில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். உள்ளே பழைய பருத்தி வேட்டித் துணியை விரியுங்கள். பூத்துவாலை வேண்டாம், அதன் இழையில் நகம் மாட்டிக்கொள்ளும். பறவையை இரு கையாலும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். பெட்டி இருட்டாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், பூனை நாய் வரும் இடத்தில் வேண்டாம். ஒரு மணி நேரம் திறந்து பார்க்கவே கூடாது. ‘எப்படி இருக்கிறதோ’ என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. ஒவ்வொரு முறையும் அது பயந்து, மிச்சமிருக்கும் தெம்பையும் இழக்கிறது.

உள்ளே தத்தித் தட்டும் சத்தம் கேட்டால் தேறிவிட்டது என்று பொருள். புதர் உள்ள தோட்டத்தில், தரையில் பெட்டியை வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். காக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தால் அவை அடையப் போகும் நேரம் வரை பொறுங்கள். கையில் ஏந்தி மேலே வீசக் கூடாது. இது உதிர்ந்த இலைக்குள் புழு பூச்சி கிளறித் தின்னும் தரைப் பறவை. இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் நிற்க முடியவில்லை, அல்லது ஒரு சிறகு தொங்குகிறது என்றால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் கொடுங்கள். இந்த இரண்டு மாதம் மட்டுமாவது இரவு பத்து மணிக்கு மேல் மாடி விளக்கை அணைத்து வைத்தால், விழுவதையே குறைக்கலாம்.

கே: புத்தகங்களில் சின்னக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு என்று போட்டிருக்கிறது. எங்கள் வயலில் ஒன்று தனியாக நிற்கும்போது அது சின்னதா பெரியதா என்று எதை வைத்துச் சொல்வது? — க. மு., மன்னார்குடி

ப: மிக நல்ல கேள்வி. அளவை மறந்துவிடுங்கள். தனியாக நிற்கும் கொக்கின் அளவு ஏமாற்றும். வரப்பில் நின்றால் பெரிதாகவும் சேற்றில் நின்றால் சிறிதாகவும் தெரியும். பார்க்க வேண்டியது அலகு, கால், விரல், வாய்க்கோடு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. கறுப்புச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் காலுறையோடு நடப்பதுபோல இருக்கும். அதன் நடத்தையும் தனி. சேற்றுக்குள் ஒரு காலை விட்டு நடுக்கிக் கலக்கி, ஓடும் மீனைத் துரத்தும். மற்ற வெள்ளைக் கொக்குகள் இவ்வளவு துடிப்பாக இரை தேடுவதில்லை.

அலகு மஞ்சள் என்றால் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். கழுத்து குட்டையாக, தாடைக்குக் கீழே தாடி முளைத்ததுபோல் இறகு புடைத்து, மாட்டின் பின்னாலோ டிராக்டரின் பின்னாலோ நடந்தால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சு கலந்த பழுப்பாகிவிடும். அப்போது குழப்பமே இல்லை. மற்ற இரண்டும் நடுத்தர வெண்கொக்கும் பெரிய வெண்கொக்கும். இரண்டுக்கும் கால் கறுப்பு, விரலும் கறுப்பு. இங்கேதான் வாய்க்கோடு கைகொடுக்கிறது. அலகின் பிளவு முகத்துக்குள் ஒரு கோடாக நீளும். அது கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் நடுத்தரம். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. கழுத்தையும் பாருங்கள்: பெரியதன் கழுத்து உடலைவிட நீளம், நடுவில் முறிந்து ஒட்டியதுபோல ஒரு கோணல் இருக்கும். நடுத்தரத்துக்கு வளைவு மென்மையாக இருக்கும்.

தவறு நேரும் இடங்கள் மூன்று. முதலாவது சேறு. வயலில் நிற்கும் சின்னக் கொக்கின் மஞ்சள் விரல் சேற்றில் மறைந்துவிடும். அது பறக்கும் வரை காத்திருங்கள், காலைப் பின்னால் நீட்டும்போது விரல் பளிச்சென்று தெரியும். இரண்டாவது பருவம். குஞ்சு பொரிக்கும் காலத்தில் பெரியதுக்கும் நடுத்தரத்துக்கும் மஞ்சள் அலகு கறுப்பாக மாறும். அப்போது ‘கறுப்பு அலகு, ஆகவே சின்னக் கொக்கு’ என்று எழுதிவிடுகிறோம். விரலைப் பார்த்தால் தப்பலாம். மூன்றாவது கைப்பேசிப் படம். வெயிலில் எடுத்த வெள்ளைப் பறவை முழுக்க வெளுத்து, வாய்க்கோடு அழிந்துபோகும். திரையில் கொக்கைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள்.

கடலோரம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கரைக்கொக்கில் வெள்ளை நிறத்தவையும் இருக்கின்றன. விரல் மஞ்சளாகவே இருக்கும், ஆனால் அலகு தடித்து, மஞ்சள் கலந்த பழுப்பாக, நுனி லேசாக வளைந்திருக்கும். உங்கள் ஊரில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இவற்றோடு, பழுப்பாக உட்கார்ந்திருந்து, பறக்கும் கணத்தில் சட்டென்று வெள்ளையாகிவிடுகிற மடையானையும் சேர்த்தால் உங்கள் வயலின் கொக்குக் கணக்கு ஏறக்குறைய முடிந்தது.

கே: கிணற்றடி ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிகள் பதினொரு கூடு கட்டின. அதில் நான்கு பாதியில் நிற்கின்றன. கீழே திறந்த தொப்பி மாதிரி இருக்கின்றன. குருவிகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? — பெ. ந., திருத்தணி

ப: ஒன்றும் ஆகவில்லை. அவை பெண்குருவி வேண்டாம் என்று ஒதுக்கிய கூடுகள். கட்டுவது ஆண். புல்லையும் ஓலையையும் கிழித்து நாராக்கி, முதலில் ஒரு வளையம், பிறகு அதன் மேல் கூரை என்று தலைக்கவசம் போன்ற நிலை வரை கொண்டுவந்து நிறுத்தும். பிறகு கூட்டில் தொங்கியபடி சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து இழுத்துப் பார்க்கும். பிடித்துவிட்டால்தான் ஆண் முட்டை அறையை மூடி, நீண்ட நுழைவுக் குழாயையும் பின்னும். பிடிக்காவிட்டால் அந்தக் கூட்டை விட்டுவிட்டு வேறொன்று தொடங்கும்.

ஒரு கூட்டில் பெண் குடியேறியதும் ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைக் கட்டி இன்னொரு பெண்ணை அழைக்கும். பறவையியலாளர் சாலிம் அலி மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான கிஹிமில் இந்தக் குருவிகளைக் கவனித்து, இதை 1931இல் விரிவாக எழுதினார். ஆகவே பதினொரு கூடு என்றால் பதினொரு ஆண் என்று கணக்கிட வேண்டாம்.

கூட்டின் உட்சுவரில் களிமண் அப்பியிருக்கும். அதில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பது கதைதான். பாதிக் கூடுகளையும் காலியான கூடுகளையும் அறுத்து வரவேற்பறையில் தொங்கவிடாதீர்கள். வெண்தொண்டைச் சில்லை போன்ற சிறு குருவிகள் தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் முட்டையிடுகின்றன. அடுத்த முறை எங்களுக்கு எழுதும்போது கூடுகள் மரத்தின் எந்தத் திசையில் தொங்குகின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காற்று மழை அடிக்கும் பக்கத்தைத் தவிர்த்துக் கட்டும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. உங்கள் மரத்தில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.

கே: பைக் கண்ணாடியை ஒரு குண்டுகரிச்சான் நாள்தோறும் கொத்துகிறது. அலகு உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. — ஆ. செ., கோபிசெட்டிபாளையம்

ப: கண்ணாடியில் தெரியும் தன்னையே எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண் என்று எண்ணுகிறது. கூடு கட்டும் சில வாரங்கள்தான் இந்த மூர்க்கம். அலகு உடையாது, ஆனால் உணவு தேடும் நேரமும் தெம்பும் வீணாகிறது. வண்டியை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடியிலும் துணிப்பையை மாட்டிவிடுங்கள். வீட்டு ஜன்னல் என்றால் உள்ளே திரை போடுவதால் பயனில்லை, இன்னும் தெளிவாகப் பிரதிபலிக்கும். வெளிப்பக்கத்தில் செய்தித்தாள் ஒட்டுங்கள், அல்லது சோப்புக் கரைசலைப் பூசுங்கள்.

முழு வேகத்தில் பறந்து வந்து மோதும் பறவைகளின் பிரச்சினை வேறு. அவை கண்ணாடியில் தெரியும் மரத்தை உண்மை மரம் என்று நம்புகின்றன. அதற்குக் கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்க 5 செ.மீ. இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் வைக்க வேண்டும். நடுவில் ஒரு பருந்து படம் ஒட்டுவது வேலை செய்யாது; பறவை அதன் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தில் போய் மோதும்.

கே: பைனாகுலர் வாங்கப்போகிறேன். கடைக்காரர் 20×50 காட்டுகிறார், ‘எட்டு மடங்கு எதற்கு, இது இருபது’ என்கிறார். வாங்கலாமா? என் தம்பியிடம் இருக்கும் 8×42இல் எனக்கு எல்லாம் இரட்டையாகவே தெரிகிறது, அது ஏன்? — ஜெ. ப., நாகர்கோவில்

ப: 20×50 வேண்டாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே மடங்கு கூடும். இருபது மடங்கை முக்காலி இல்லாமல் பிடிக்க முடியாது. அதோடு, பார்க்கும் வட்டம் சுருங்கிவிடும்; கிளைக்குள் தாவும் தையல்சிட்டைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5 மி.மீ.க்கு மேல். 50ஐ 20ஆல் வகுத்தால் இரண்டரை. விடியலிலும் அந்தியிலும் படம் இருண்டு போகும், பறவைகள் அதிகம் நடமாடுவதோ அந்த நேரத்தில்தான்.

தோட்டம், காடு, வயல் என்றால் 8×42. ஏரியும் உப்பளமும்தான் பெரும்பாலும் என்றால் 10×42. சிறுவர்களுக்கு எடை குறைந்த 8×32 நல்லது.

இரட்டையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் கருவி காரணமல்ல. உங்கள் இரு கண்ணின் இடைவெளிக்கு அது பொருந்தவில்லை. நடுவில் மடக்கி, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் வரை சரிசெய்யுங்கள். கண்ணாடி அணிபவர் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்க வேண்டும், அணியாதவர் மேலே ஏற்ற வேண்டும். பிறகு வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்து ஒன்றை இடக்கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அடுத்து இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், அதே எழுத்தை வலக்கண் பக்க வளையத்தால் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை மனதில் வையுங்கள். அது உங்கள் கண்ணுக்கான அளவு. இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். தம்பி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் வளையம் நகர்ந்திருக்கும், மறுபடி பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் இரட்டையாகவே தெரிந்தால் எப்போதோ கீழே விழுந்து உள்ளே முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது. அதைப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பறவையைக் கண்டால் கண்ணை எடுக்காதீர்கள். பார்வை பறவை மேலேயே இருக்க, கருவியை முகத்துக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டுப் பிறகு மரத்தில் தேடுவது தொடங்கும்போது எல்லோரும் செய்யும் தவறு. உங்கள் ஊர் ஈரப்பதத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். தோல் உறைக்குள் பூட்டி வைக்காமல், மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

கே: கடலைக்கு உழ வேண்டிய கொல்லையில் ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருக்கிறது. முட்டையை வரப்புக்கு மாற்றி வைக்கலாமா? — வே. த., கள்ளக்குறிச்சி

ப: மாற்ற வேண்டாம். மாற்றிய இடத்தைப் பறவை தன் கூடு என்று ஏற்காமல் போகலாம். நாலு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட்டு, நடுவில் ஒரு தீவு போல உழாமல் விடுங்கள். டிராக்டர் ஓட்டுபவருக்குத் தெரிய அடையாளக் குச்சி நடுவதென்றால் கூட்டை ஒட்டி நடாதீர்கள். காக்கையும் கீரியும் குச்சியைப் பார்த்தே வந்துவிடும். வரப்பில் ஒரு கல், எதிர் வரப்பில் ஒரு கல், இரண்டுக்கும் நேர்கோட்டில் கூடு என்று சொல்லிவைத்தால் போதும்.

உழவைக் காலையிலேயே முடியுங்கள். நண்பகல் வெயிலில் தாய் தந்தை இரண்டும் மாறி மாறி முட்டைக்கு நிழல் கொடுக்கின்றன, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்தும் குளிரவைக்கின்றன. அந்த நேரத்தில் பத்து இருபது நிமிடம் அவற்றை விரட்டி நிறுத்தினாலே முட்டை வெந்துபோகும். பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். குஞ்சுகள் இறகு உலர்ந்த சில மணி நேரத்திலேயே நடந்து வெளியேறிவிடும், அதன்பின் தீவையும் உழுதுகொள்ளலாம். கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதையா, மஞ்சள் சதையா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி வறண்ட மேட்டு நிலத்தை விரும்பும். இரண்டும் கூட்டைக் காக்கும் விதத்தைக் குறித்து அனுப்புங்கள்.

கே: காக்கை தன் குஞ்சோடு ஒரு குயில் குஞ்சுக்கும் ஊட்டுவதைப் பார்த்தேன். குயில் குஞ்சு மற்றவற்றைத் தள்ளிக் கொன்றுவிடும் என்று படித்திருக்கிறேனே? — ம. அ., அருப்புக்கோட்டை

ப: அது ஐரோப்பாவில் அதிகம் ஆராயப்பட்ட வேறொரு குயிலினத்தின் பழக்கம். நம் ஊர்க் குயிலின் குஞ்சு பொதுவாக அப்படித் தள்ளுவதில்லை. குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சில நாள் முன்னதாகப் பொரிவதால், அதற்கு இரையில் முந்திக்கொள்ள முடிகிறது. காக்கைக் குஞ்சும் சேர்ந்தே வளர்வதை உங்களைப் போலப் பலர் பார்த்திருக்கிறார்கள். கூடவே ஒன்று: கூவுவது கருநிற ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பெண் ‘கிக் கிக் கிக்’ என்று அவசரமாகக் கத்தும்.

கே: சிட்டுக்குருவிப் பெட்டி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு குருவியும் வரவில்லை. முதல் வருடம் அணில் குடியிருந்தது. — த. லோ., விருத்தாசலம்

ப: அணில் நுழைந்ததென்றால் துளை பெரிது. சிட்டுக்குருவிக்குத் துளையின் விட்டம் 32 முதல் 35 மி.மீ. போதும். 50 மி.மீ. வைத்தால் மைனா வந்து பிடித்துக்கொள்ளும். அடித்தளம் உள்ளளவு 12 முதல் 15 செ.மீ. சதுரம். துளை தளத்திலிருந்து 12 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காக்கை அலகை விட்டுக் குஞ்சை இழுத்துவிடும். துளைக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்கவே வேண்டாம். அது காக்கைக்குத்தான் உதவும். தளத்தில் நான்கு மூலையிலும் 5 மி.மீ. ஓட்டை, ஈரம் வடிய. உட்புறம் சொரசொரப்பாக இருக்கட்டும், பெயின்ட் அடிக்காதீர்கள். வழவழப்பான பலகையில் குஞ்சு ஏறி வெளியே வர முடியாது.

பெட்டியைக் கயிற்றில் தொங்கவிடாமல் சுவரில் அறையுங்கள். எட்டடிக்கு மேல் உயரம், தாழ்வாரக் கூரைக்கு அடியில், பிற்பகல் வெயில் படாத பக்கம். மின்விசிறி இருக்கும் அறைக்கு அருகில் வேண்டாம். குருவிகள் கூட்டமாகக் கூடு கட்ட விரும்புபவை. ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று பெட்டி வைத்துப் பாருங்கள்.

ஆனால் உங்கள் தெருவில் இப்போது சிட்டுக்குருவியே இல்லை என்றால் பெட்டி மட்டும் அதைக் கொண்டுவராது. வளர்ந்த குருவி தானியம் தின்றாலும், குஞ்சுக்கு முதல் நாள்களில் புழுவும் சிறு பூச்சியும்தான் ஊட்டுகிறது. செடியில் மருந்தடிக்காத ஒரு வேலிப்புதர், மண்ணில் புரண்டு குளிக்க ஒரு முழம் வெற்று மண் தரை, ஆழம் 5 செ.மீ.க்கு மிகாத மண் தட்டில் தண்ணீர், இவை பெட்டியைவிட முக்கியம். தட்டை நாள்தோறும் கொட்டித் தேயுங்கள், கொசுப்புழு வளர இடம் கொடுக்காதீர்கள். செல்போன் கோபுரம்தான் குருவியை அழித்தது என்று பலரும் எழுதுகிறீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும் பெருநகரங்களில் குறைந்திருப்பதாகவும் சொல்கிறது. ஓட்டு வீட்டின் இடுக்குகளும் மளிகைக்கடை வாசலில் சிந்திய தானியமும் போய்விட்டதை முதலில் நினைத்துப் பாருங்கள்.

கே: கூட்டில் குஞ்சு இருக்கும் படத்தை அனுப்பியிருந்தேன். ஏன் வெளியிடவில்லை? — பலர்

ப: கூட்டுப் படம் எதையும் வெளியிடுவதில்லை. இலையை விலக்கிப் படம் எடுத்த கூட்டை வெயிலும் காக்கையும் கண்டுபிடித்துவிடும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைத்து எடுத்த படங்களையும் அனுப்பாதீர்கள்.

கே: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவிகளோடு கலந்துகொள்ள விரும்புகிறோம். ஏரியில் சீழ்க்கைச் சிறகி ஆயிரக்கணக்கில் மிதக்கும்போது எப்படி எண்ணுவது? — ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

ப: 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிய நாள்களில் தமிழகமெங்கும் நடக்கிறது இந்தக் கணக்கெடுப்பு. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்றோ நடந்தோ, பார்த்த கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணி இ-பேர்ட் செயலியில் பதிய வேண்டும். ‘எல்லாப் பறவைகளும்’ என்பதில் காக்கையும் மாடப்புறாவும் அடங்கும். மாணவிகள் முதலில் விடுவது இவற்றைத்தான்.

பெருங்கூட்டத்துக்கு இப்படிச் செய்யுங்கள். ஓர் ஓரத்தில் பத்துப் பறவையைச் சரியாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். அதே அளவில் பத்து இடம் நகர்ந்தால் நூறு. பிறகு நூறின் அளவை வைத்துக் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். நெருக்கமாக மிதக்கும் நடுப்பகுதிக்குப் புதிதாக ஒரு பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஓரத்து அளவை நடுவுக்கும் பயன்படுத்தினால் கணக்கு பாதியாகக் குறைந்துவிடும். மூன்று மாணவிகள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே எண்ணட்டும். 400, 450, 1,200 என்று வந்தால் சராசரி போடாமல் மூவரும் மறுபடி எண்ணுங்கள்.

மாலையில் சூறைக்குருவிக் கூட்டம் வானில் சுழலும்போது எண்ண முயல வேண்டாம். ஒரு படம் எடுத்துவிட்டு, வீட்டில் அதன் மேல் கட்டம் போட்டு எண்ணலாம். வட்டமடிக்கும் பருந்தை மூன்று முறை பார்த்துவிட்டு மூன்று என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். எண்ண முடியாவிட்டால் தோராயமாகவாவது ஓர் எண் போடுங்கள். ‘நிறைய’ என்பதை யாராலும் ஒப்பிட முடியாது. இனம் தெரியாத கொக்கை ‘கொக்கு, இனம் தெரியவில்லை’ என்றே பதியலாம், அது குறையில்லை. யூகத்தில் பெயர் போட்டால்தான் பட்டியல் கெடும்.

உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி மக்களிடம், எந்தக் கண்மாயில் எந்த மாதம் என்ன வரும் என்று மாணவிகளைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே கேட்டதையும் தேதியோடு எழுதி வைக்கட்டும்.

கே: கோடியக்கரையில் ஓர் உள்ளானின் காலில் நிறப் பட்டை பார்த்தோம். யாரிடம் சொல்வது? — இரா. கி., வேதாரண்யம்

ப: அருகில் போய் விரட்டாமல் முதலில் இருந்த இடத்திலிருந்தே பத்துப் படம் எடுங்கள். குறிக்க வேண்டியவை: எந்தக் கால் (பறவையின் வலது, உங்கள் வலது அல்ல), மூட்டுக்கு மேலா கீழா, எத்தனை பட்டை, மேலிருந்து கீழாக நிற வரிசை, எழுத்து எண் இருந்தால் அவை, தேதி, நேரம், இடம். பறவையின் வலது இடது மாறிப்போவதால்தான் பல தகவல்கள் பயனற்றுப் போகின்றன. பறவை உங்களைப் பார்த்து நிற்கிறதா, முதுகைக் காட்டி நிற்கிறதா என்பதையும் எழுதிவிட்டால் அந்தப் பிழையைப் பிறகு திருத்தலாம். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்பதும் தேவை, எதிர்வெயிலில் பச்சையும் நீலமும் கறுப்பாகத் தெரியும்.

தகவலை மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். இந்தியாவில் பறவைகளுக்கு வளையம் இடும் பணியைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருபவர்கள் அவர்கள், கோடியக்கரையிலும் நீண்ட காலம் செய்திருக்கிறார்கள். மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டி விடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளுக்கு வந்தது, இப்படிக் கரையில் நின்று பட்டையின் எழுத்தைப் படித்து அனுப்பியவர்களால்தான் தெரியவந்தது. இறந்த பறவையின் காலில் உலோக வளையம் இருந்தால் எண்ணை எழுதி, வளையத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றவே கூடாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் வலது காலின் மேல்பட்டை தெளிவாக இருக்கிறது, கீழ்ப்பட்டை தண்ணீருக்குள் இருக்கிறது. உள்ளான்கள் உணவு தேடும் சேற்றுத் திட்டுக்கு நாள்தோறும் திரும்பும் வழக்கமுள்ளவை. தண்ணீர் இறங்கும் நேரத்தில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி, அதே இடத்தில் இன்னொரு முறை உட்கார்ந்து பாருங்கள்.